கோடு கிழிக்கும் கை எவருடையது?

(காளப்பநாயக்கன்பட்டியில் தமிழன்பர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

  

1909ஆம் ஆண்டில் இந்தக் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அது பிறந்த மண் அன்று சேலம் மாவட்டம். மறு ஆண்டே, 1910இல், இவ்வூரை உள்ளடக்கிய நாமக்கல் வட்டம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. நன்றாக நடைபயிலும் முன்பே அக்குழந்தை திருச்சி மாவட்டத்துக் குழந்தை ஆயிற்று. மீசை அரும்பி இருபது அகவை எய்திய 1929இல் வட்டம் மீண்டும் சேலத்துக்கே திருப்பப்பட்டது. அவருடைய நாற்பத்தோராம் அகவையில், 1950இல், சென்னை மாகாணம் சென்னை மாநிலம் எனப் பெயர் பெற்றது. அறுபதாம் அகவையில், 1969இல், அம்மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. எண்பத்தெட்டாம் அகவையில், 1997 சனவரி முதல் நாள், அவர் நாமக்கல் மாவட்டத்துக் குடிமகன் ஆனார்.

ஊர் ஓரடியும் நகரவில்லை. கொல்லிமலை நின்ற இடத்திலேயே நின்றது. உழுத நிலமும் குடித்த நீரும் பேசிய மொழியும் மாறவில்லை. ஆனால் வரி கட்டும் இடம் மாறிற்று. வழக்குரைக்கும் இடம் மாறிற்று. முறையீட்டு மடலின் தலைப்பில் எழுதும் முகவரி மாறிற்று. இத்தனை மாற்றத்தில் ஒருமுறையேனும் அம்முதியவரை எவரேனும் கேட்டதுண்டா? "ஐயா, இந்தக் கோட்டை இப்படி இழுக்கலாமா, அப்படி இழுக்கலாமா?" என்று ஒரு வாக்குச்சீட்டேனும் அவர் கையில் கொடுத்ததுண்டா? இல்லை என்பதே விடை. கோட்டுக்குள் வாழ்கிறவன் ஒருவன். கோடு கிழிக்கிறவன் வேறொருவன். இந்த ஒன்றை விளக்குவதே இப்பொழிவின் நோக்கம்.

நாடு என்னும் பழஞ்சொல்

இவ்வூரிலிருந்து காரவள்ளி வழியே எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலைமேல் ஏறுங்கள். அங்கே ஊராட்சிகளின் பெயர்களைக் கேளுங்கள். வளப்பூர்நாடு, அரியூர்நாடு, வாழவந்திநாடு, தேவனூர்நாடு, குண்டூர்நாடு, திருப்புளிநாடு என்று பெயர்ப்பலகைகள் பேசும். சமவெளியிலே நாடு என்னும் சொல் மாநிலத்தையும் உலக நாடுகளையும் குறிக்கும் பெருஞ்சொல்லாய் விரிந்துவிட்டது. மலைமேலோ அது தன் பழம்பொருளிலேயே, தாமாகக் கூடி வாழும் சில சிற்றூர்களின் தொகுதி என்ற பொருளிலேயே, இன்றும் உயிரோடிருக்கிறது.

வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஓரியைக் காரி வீழ்த்தினான். கொல்லி சேரன் கைக்குப் போயிற்று. அதன்பின் எத்தனை கொடிகள் இம்மண்மேல் பறந்தன! சோழர் காலத்து ஆட்சியமைப்பைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கீழே ஊர், ஊர்கள் சேர்ந்தது நாடு, நாடுகள் சேர்ந்தது வளநாடு, வளநாடுகளுக்கு மேலே மண்டலம். வளநாடுகளுக்கு முதலாம் இராசராசன் தன் பட்டப்பெயர்களைச் சூட்டினான். பின்வந்த முதலாம் குலோத்துங்கன் காலத்தில் அவற்றுட் பல வேறு பெயர் பெற்றன. ஆக, மன்னரும் கோடு கிழித்தார்கள்; மன்னரும் பெயர் மாற்றினார்கள். இதை மறைப்பதால் தமிழர்க்குப் பெருமை வந்துவிடாது. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே இருந்த வளநாட்டின் பெயர் மன்னனோடு வந்து மன்னனோடு போயிற்று. கீழே இருந்த நாடு போகவில்லை. அது எவன் பட்டப்பெயரையும் சுமக்கவில்லை. நீரோட்டத்தையும் உழவையும் உறவையும் சார்ந்து மக்களிடையே தானாக அமைந்தது. அதன் கருமங்களை நாட்டார் கூடி முடிவு செய்தனர். மேலிருந்து விழுந்த கோடு அழிந்தது. கீழிருந்து முளைத்த கோடு நின்றது. கொல்லிமலை நாடுகளே அதற்குச் சான்று.

இவ்வூர்ப் பெயரிலும் ஒரு கால அடுக்கு உறைந்து கிடக்கிறது. நாயக்கன் என்னும் பெயர், பாளையங்களாக நிலம் பங்கிடப்பட்ட விசயநகர, நாயக்கர் காலங்களை நினைவூட்டுகிறது. நாடுகளை நாட்டார் ஆண்டது போய், பாளையங்களைப் படைத்தலைவர் ஆண்ட காலம் அது. கோடு கிழிக்கும் கை மெல்ல மெல்ல ஊரை விட்டு விலகத் தொடங்கிய காலமும் அதுவே.

தண்டலுக்குப் பிறந்த மாவட்டம்

கோடு முற்றிலும் அயலான் கைக்குப் போனது 1792இல். திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலக் கும்பணிக்கும் நடந்த போரின் முடிவில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை எழுதப்பட்டது. சேலம், நாமக்கல், சங்ககிரி, பாரமகால் பகுதிகள் போரில் தோற்றவனிடமிருந்து வென்றவனுக்குக் கைமாறின. அந்நிலத்தில் வரி தண்டும் அமைப்பை நிறுவ வந்தவர் அலெக்சாந்தர் ரீடு. அவருக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் தாமசு மன்றோ. உழவனிடம் நேரே வரி தண்டும் முறை இந்தச் சேலம் மண்ணில்தான் உருப்பெற்றது. மாவட்டத் தலைவனுக்கு ஆங்கிலேயன் சூட்டிய பெயர் கலெக்டர். அதன் நேர்ப்பொருள் தண்டுகிறவன். அதனால்தான் தமிழறிஞர் அதனைத் தண்டலர் என்றும் தண்டல்நாயகர் என்றும் பெயர்த்தனர். சொல்லே உண்மையைச் சொல்லிவிடுகிறது! மாவட்டம் மக்களுக்காகப் பிறந்ததன்று, தண்டலுக்காகப் பிறந்தது. எத்துணை நிலத்தை ஒரு தண்டலன் மேய்க்க முடியுமோ அத்துணை நிலம் ஒரு மாவட்டம்.

அந்தக் கணக்கில்தான் 1910இலும் 1911இலும் சென்னை மாகாணத்தின் மாவட்டங்கள் கலைத்து அடுக்கப்பட்டன. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து வெட்டி இராமநாதபுரம் மாவட்டம் ஆக்கப்பட்டது. நாமக்கல் திருச்சிக்குப் போயிற்று. சேலத்துத் திருப்பத்தூர் வட்டம் வட ஆர்க்காட்டுக்குப் போயிற்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில வட்டங்களைப் பிய்த்துச் சித்தூர் என்றொரு புதிய மாவட்டம் 1911 ஏப்பிரலில் அமைக்கப்பட்டது. அவையெல்லாம் ஓர் அலுவலக மேசையில் முடிந்த வேலைகள். நாமக்கல் பத்தொன்பது ஆண்டில் திரும்பி வந்துவிட்டது. சேலத்துக்கும் திருச்சிக்கும் இடையே ஆடிய ஊசல் எவர் உரிமையையும் பறிக்கவில்லை, இருபுறமும் தமிழ்நிலமே. ஆனால் அதே வேளையில் கிழிக்கப்பட்ட சித்தூர்க் கோடு தமிழினத்தின் வடவெல்லையையே கிழிக்கப்போகிறது என்பதை 1911இல் எவர் அறிவார்?

மாவட்டக் கோடு மாநிலக் கோடு ஆன கதை

சென்னை மாகாணம் ஒரு மொழி மாகாணமன்று. தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர், 1936 வரையில் ஒரியரும் என்று பல இனத்தாரையும் ஒரே கயிற்றில் கட்டிய மூட்டை அது. மொழிவழியே மாகாணங்கள் அமைய வேண்டும் என்பதைப் பேராயக் கட்சியே ஒப்புக்கொண்டு, 1920 நாகபுரி மாநாட்டுக்குப் பின் தன் மாகாணக் குழுக்களை மொழிவழியே அமைத்துக்கொண்டது. விடுதலை வந்தது, நாற்காலி வந்தது, கொள்கை போயிற்று. 1948இல் அமைக்கப்பட்ட தார் ஆணையம், மொழியை முதன்மையாகக் கொண்டு மாகாணங்களைப் பிரிப்பது நாட்டுக்கு நல்லதன்று என்றது. நேரு, வல்லபாய் பட்டேல், பட்டாபி சீத்தாராமையா மூவரும் அமர்ந்த குழு 1949இல் அதை ஒத்தே, காலம் கனியட்டும் என்று கதவைச் சாத்தியது.

சாத்திய கதவை ஒருவர் உயிரால் திறந்தார். தெலுங்கர்க்குத் தனி மாநிலம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பிருந்த பொட்டி சிறீராமுலு 1952 திசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார். 1953 அக்தோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை நகரையும் ஆந்திரர் கேட்டனர். தலைநகரைக் காக்க ம.பொ. சிவஞானம் முதலியோர் கிளர்ந்தெழுந்தனர். சென்னை தமிழர்க்கே நின்றது. ஆனால் சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்துக்குப் போயிற்று. ஏன்? மாவட்டத்தைத் துண்டாக்காமல் முழுமுழு மாவட்டமாக எண்ணிப் பிரித்ததனால்! 1911இல் வெள்ளைக்காரன் தன் அலுவல் எளிமைக்காகக் கிழித்த மாவட்டக் கோடு, 1953இல் இரண்டு இனங்களுக்கு இடைப்பட்ட மாநிலக் கோடு ஆயிற்று. அந்தக் கோட்டுக்குள் அகப்பட்ட திருத்தணியை மீட்கத் தமிழர் ஏழாண்டு போராட வேண்டியிருந்தது. படாசுகர் தீர்ப்பின்படி 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு மாற்றாகத் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குக் கொடுக்கப்பட்டன. திருப்பதி அப்பாலேயே நின்றுவிட்டது.

தோழர்களே, இதிலுள்ள பாடத்தை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டக் கோடு தானே, ஆட்சியேந்துக்குத்தானே என்று சிலர் கூறுவர். இன்று ஆட்சியேந்துக்கென்று இழுக்கும் கோடு, நாளை அரசியல் வேலியாகலாம்.

தெற்கே நடந்ததும் அதுவே. 1953இல் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தில் பசல் அலி, குன்சுரு, பணிக்கர் என்னும் மூவர் அமர்ந்தனர். 1955 செபுதம்பரில் அறிக்கை தந்தனர். திருவிதாங்கூர்த் தமிழர் நேசமணி தலைமையில் தாய்த் தமிழகத்தோடு இணையப் போராடினர். 1954 ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்களைக் கொடுத்தனர். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை 1956 நவம்பர் முதல் நாள் வந்து சேர்ந்தன. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வரவில்லை. வடமேற்கே கோவை மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. அங்கே கன்னடர் மிகுதி, ஆகலின் அது முறையே. தனக்கு வேண்டும்போது மொழிவழி என்றும் வேண்டாதபோது வேறுவழி என்றும் பேசுவது தமிழனுக்கு அழகன்று.

ஆனால் பீர்மேட்டில் என்ன நடந்தது என்பதை எண்ணிப்பாருங்கள். 1886இல் 999 ஆண்டுக் குத்தகைக்கு எழுதப்பட்டு, 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணை அங்கே இருக்கிறது. நீர் பாய்வது தமிழ்நாட்டு வயலுக்கு. அணை நிற்பது கேரள எல்லைக்குள். 142 அடி நீர் தேக்குவதற்குக்கூட 2014 வரை உச்ச முறைமன்றத்தின் படியேறி நிற்க வேண்டியதாயிற்று. ஒரு வட்டத்தின் கோடு எங்கே விழுகிறது என்பதில் தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரத்து உழவனின் சோறு அடங்கியிருக்கிறது. எல்லை என்பது வரைபடத்திலுள்ள மை அன்று. வாய்க்காலில் ஓடும் நீர்.

பெயருக்கும் கையேந்தல்

1956இல் பதினான்கு மாநிலங்களும் ஆறு ஒன்றியப் பகுதிகளும் அமைந்தன. ஆந்திரர்க்கு ஆந்திரம், மலையாளிகளுக்குக் கேரளம். தமிழர்க்கோ ஒரு நகரத்தின் பெயரே மாநிலத்தின் பெயராய் ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ்நாடு என்னும் பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து விருதுநகரில் சங்கரலிங்கனார் 1956 சூலை 27ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கி, அக்தோபர் 13ஆம் நாள் உயிர் துறந்தார். பதினோராண்டு கழித்து, 1967 சூலை 18ஆம் நாள், அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சட்டமன்றம் ஒருமனதாகப் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தோடு முடிந்ததா? இல்லை. தில்லி நாடாளுமன்றம் 1968இல் சட்டம் இயற்றிய பின்பே 1969 சனவரி 14ஆம் நாள், பொங்கற் புதுநாளில், பெயர் நடைமுறைக்கு வந்தது.

பெற்ற தாய் தன் பிள்ளைக்குப் பெயரிட அயல்வீட்டான் ஒப்புதல் வேண்டுமாம்! அந்த நிலை இன்னும் மாறவில்லை. மேற்கு வங்கச் சட்டமன்றம் தன் மாநிலத்துக்கு வாங்காளம் எனப் பொருள்படும் தன் மொழிப்பெயரைச் சூட்ட 2018இல் தீர்மானம் நிறைவேற்றியது. 2019இல் அதற்கு ஒப்புதல் இல்லை என நடுவணரசு நாடாளுமன்றத்தில் கூறிவிட்டது.

மூன்றாம் உறுப்பு என்னும் கத்தி

இவையெல்லாம் எதன் வலிமையால் நடக்கின்றன? இந்திய அரசமைப்பின் மூன்றாம் உறுப்பால். ஒரு மாநிலத்தைப் பிரிக்கலாம், இரண்டைச் சேர்க்கலாம், பரப்பைக் கூட்டலாம், குறைக்கலாம், எல்லையை மாற்றலாம், பெயரை மாற்றலாம். இவ்வளவையும் நாடாளுமன்றம் வெறும் பெரும்பான்மையால் செய்யலாம். நான்காம் உறுப்பின்படி அது அரசமைப்புத் திருத்தமாகக்கூடக் கருதப்படாது. சட்ட முன்வரைவைக் குடியரசுத் தலைவர் அந்தந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. ஆனால் கேட்பதுதான் கடமை. கேட்டபடி நடப்பது கடமையன்று. 1955இல் ஐந்தாம் திருத்தம் வந்து, குறித்த நாளுக்குள் சட்டமன்றம் கருத்துரைக்க வேண்டும், உரைக்காவிட்டாலும் வேலை நடக்கும் என்றாக்கியது.

மறு ஆண்டே அதன் பயன் தெரிந்தது. பம்பாயை மூன்று கூறாக்கும் முன்வரைவு அம்மாநிலச் சட்டமன்றத்துக்குக் கருத்துக்கு அனுப்பப்பட்டது. பின்னர் நாடாளுமன்றம் அதை மாற்றி, மராத்தியரையும் குசராத்தியரையும் ஒரே மாநிலமாகக் கட்டிச் சட்டம் இயற்றியது. அந்த மாற்றத்துக்கு மீண்டும் கருத்துக் கேட்கவில்லை. வழக்குத் தொடுத்தபோது, மீண்டும் கேட்கத் தேவையில்லை என 1959இல் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. கட்டிய மூட்டையை மக்கள் போராட்டம் பிரித்தது. 1960இல் மராட்டியமும் குசராத்தும் தனித்தனியே ஆயின.

2014 சனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் மாநிலப் பிரிவினை முன்வரைவை மறுத்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. சூன் 2ஆம் நாள் தெலங்கானா பிறந்தது. தெலங்கானா மக்களின் வேட்கை முறையானதே. நெடுங்காலம் போராடியே அவர்கள் அதை வென்றனர். ஆயினும் ஒரு சட்டமன்றத்தின் மறுப்பு வெறுந்தாளாகலாம் என்பது அன்று நிறுவப்பட்டது. 2019 ஆகத்தில் சம்மு காசுமீரின் நிலை இன்னும் கொடிது. அங்கே சட்டமன்றம் முன்பே கலைக்கப்பட்டிருந்தது. சட்டமன்றத்தின் இடத்தில் நாடாளுமன்றமே நின்று கருத்துரைத்து, நாடாளுமன்றமே சட்டமும் செய்தது. அக்தோபர் 31ஆம் நாள் ஒரு மாநிலம் இரண்டு ஒன்றியப் பகுதிகளாகத் தாழ்த்தப்பட்டது. ஒரு மாநிலம் முழுவதையும் அவ்வாறு ஒன்றியப் பகுதியாக்கலாமா என்னும் வினாவுக்கு, 2023 திசம்பர்த் தீர்ப்பில் உச்ச முறைமன்றம் விடை கூறாமலே விட்டது.

பிற நாடுகளிலும் இப்படித்தானா? அமெரிக்க அரசமைப்பின்படி ஒரு மாநிலத்தின் நிலத்திலிருந்து புதிய மாநிலம் அமைக்க அம்மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஆத்திரேலியாவிலோ, எல்லையை மாற்ற மாநில நாடாளுமன்றத்தின் இசைவும் வேண்டும். அம்மாநில வாக்காளர் பெரும்பான்மையின் இசைவும் வேண்டும். சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் சூரா மக்கள், செருமானியர் மிகுந்த பெர்ன் மண்டலத்திலிருந்து பிரிய விழைந்தனர். 1974இல் வாக்கெடுத்தனர், பிரிய விரும்பாத தென்பகுதிகள் மறுவாக்கெடுப்பில் பெர்னிலேயே நின்றன, 1978இல் சுவிட்சர்லாந்து மக்கள் அனைவரும் வாக்களித்து ஒப்பினர், 1979 சனவரி முதல் நாள் சூரா மண்டலம் பிறந்தது. மூத்தியே என்னும் ஒரு சிறு நகரம் மட்டும் மனம் மாறி 2021இல் சூராவோடு சேர வாக்களித்தது. 2024இல் இரு மண்டல மக்களும் அதற்கு இசைந்தனர். ஒரு நகரத்தின் கோட்டை மாற்ற எத்தனை முறை மக்களைக் கேட்டனர் பாருங்கள்! கூட்டாட்சி என்பது அதுவன்றோ? மாநிலத்தின் உயிரே நடுவணரசின் கையில் இருக்குமானால், அதனைக் கூட்டாட்சி என்பது சிறையைச் சத்திரம் என்பது போலாகும்.

கோட்டால் குடி அழியும்

கோடு கிழிக்கும் கை பகையான கையாயின் என்ன ஆகும் என்பதை ஈழம் காட்டுகிறது. இலங்கை கூட்டாட்சி நாடன்று, ஒற்றையாட்சி நாடு. அங்கே 1949இல் கல்லோயாக் குடியேற்றம் தொடங்கிற்று. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. முதலில் குடியேற்றம், பின்னர் மாவட்டக் கோடு, பின்னர் அக்கோட்டுக்குள் புதிய பெரும்பான்மை. 1987 இந்திய இலங்கை உடன்பாட்டின் வழியே 1988இல் இடைக்காலமாக இணைக்கப்பட்ட வடக்கு, கிழக்கு மாகாணங்களும் நிலைக்கவில்லை. கிழக்கில் நடத்துவதாகச் சொன்ன மக்கள் வாக்கெடுப்பு நடத்தப்படவேயில்லை. 2006இல் அந்நாட்டு உச்ச முறைமன்றம் இணைப்புச் செல்லாது என்றது. 2007 சனவரி முதல் நாள் இரண்டும் பிரிக்கப்பட்டன. ஓர் இனத்தின் தாயகத்தைப் படையால் மட்டுமன்று, எழுதுகோலாலும் துண்டாடலாம்.

கொங்கு மண்ணுக்கு வந்த ஐயம்

இஃது எங்கோ நடப்பது என்று இவ்வூரார் எண்ண வேண்டா. 2021 சூலையில் நடுவண் அமைச்சரவை விரிவாக்கத்தையொட்டி வெளிவந்த குறிப்பொன்றில் கொங்குநாடு என்னும் சொல் இடம்பெற்றது. தமிழ்நாட்டை இரண்டாக்கும் முன்னோட்டமோ என்னும் ஐயம் மாநிலமெங்கும் எழுந்தது. தமிழ்நாட்டைப் பிரிக்கும் திட்டம் ஏதுமில்லை என்று அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில் நடுவணரசு விடையளித்தது. நன்று. ஆனால் ஒரு சொல்லுக்கு ஏன் இத்துணை அச்சம்? கொங்கு என்பது தமிழனின் பழம்பெயர். சேர, சோழ, பாண்டி, தொண்டை நாடுகளோடு உடன்வைத்து எண்ணப்படும் பெருமைக்குரிய பெயர். அப்பெயரில் குற்றமில்லை. குற்றம் மூன்றாம் உறுப்பில் இருக்கிறது. நாளை எவரேனும் நினைத்தால் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் வேண்டாவென்றாலும் கோடு கிழிக்கலாம் என்னும் நிலை இருக்கும்வரை, திட்டமில்லை என்னும் விடை ஓர் அரசின் வாய்ச்சொல்லே. தமிழரின் உரிமைப்பத்திரம் ஆகாது.

சென்னைக்கும் ஒரு கேள்வி

தில்லியைக் கேட்கும் கேள்வியைச் சென்னையையும் கேட்டால்தான் அது நடுவுநிலை. 1956இல் பதின்மூன்றாயிருந்த தமிழ்நாட்டு மாவட்டங்கள், 2020 திசம்பரில் மயிலாடுதுறை பிறந்ததோடு முப்பத்தெட்டு ஆயின. பழைய சேலத்திலிருந்து 1965 அக்தோபர் 2ஆம் நாள் தருமபுரி பிரிந்தது. 1997இல் நாமக்கல் பிரிந்தது. தருமபுரியிலிருந்து 2004இல் கிருட்டிணகிரி பிரிந்தது. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. சேலத்துக்குப் போய் ஒருநாள் கூலியை இழந்து நின்றவர், நாமக்கல்லில் அரைநாளில் வேலை முடித்துத் திரும்புகிறார். கொல்லிமலையே இன்று தனி வட்டம். ஆட்சி மக்களை நோக்கி நடந்து வந்தால் அதை வரவேற்க வேண்டும்.

ஆனால் அங்கும் கோடு கிழிப்பது அரசாணை. கருத்துக் கேட்புக் கூட்டம் நடப்பதுண்டு. கேட்ட கருத்துக்குக் கட்டுப்படும் கடமை இல்லை. மலைவாழ் பழங்குடி மக்கள் மிகுந்த பகுதிகளுக்கு அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணை தனிக் காப்பு அளிக்கிறது. அந்த அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட நிலம் தமிழ்நாட்டில் ஒன்றுமில்லை, கொல்லிமலையும் இல்லை. ஆகலின் அத்தகைய பகுதிகளில் ஊர்மன்றங்களுக்கு நிலத்தின்மேலும் காட்டு விளைபொருள்மேலும் வலிமை தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இம்மலைக்கு எட்டவில்லை. தன் நாடுகளின் பெயரை இத்துணை நூற்றாண்டு காத்துவந்த மலைமக்களுக்கு, அந்நாட்டின் நிலத்தின்மேல் சொல்லுரிமை இல்லை. தில்லி தமிழ்நாட்டுக்குச் செய்வதைச் சென்னை கொல்லிமலைக்குச் செய்யலாமா? மேலே உரிமை கேட்பவன் கீழே உரிமை கொடுத்தாக வேண்டும்.

செய்ய வேண்டுவன

தமிழர் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. ஒன்று: மூன்றாம் உறுப்பு திருத்தப்பட வேண்டும். எந்த மாநிலத்தின் எல்லையும் பெயரும் அம்மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலின்றியும், தொடர்புடைய நிலத்து மக்களின் வாக்கெடுப்பின்றியும் மாற்றப்படலாகாது. இரண்டு: மாவட்டம், வட்டம், ஊராட்சி எல்லைகளை மாற்றும்போது ஊர்மன்றங்களின் முடிவு அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். மூன்று: கொல்லிமலை போன்ற மலைநிலங்களை ஐந்தாம் அட்டவணையில் சேர்க்கத் தமிழ்நாட்டரசே முன்வந்து பரிந்துரைக்க வேண்டும்.

இவை புதுக்குரல்கள் அல்ல. 1969இல் தமிழ்நாட்டரசு இராசமன்னார் குழுவை அமைத்தது. 1971இல் அறிக்கை வந்தது. 1974 ஏப்பிரலில் மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அரை நூற்றாண்டு கழித்து, 2025 ஏப்பிரலில், குரியன் சோசப்பு தலைமையில் மற்றொரு குழு அமைக்கப்பட்டது. குழுக்கள் எழுதும் தாள் பேழையில் உறங்கும். மக்கள் எழுப்பும் குரலே அதை எழுப்பும். சிறீராமுலுவும் சங்கரலிங்கனாரும் மார்த்தாண்டத்து மறவர்களும் குழு அறிக்கைக்காகக் காத்திருந்தவர்கள் அல்லர்.

இவ்வூர் இளைஞர்க்கு ஒரு வேலை. ஊரின் பழைய நிலப்பதிவேடுகளைத் தேடுங்கள். எந்த ஆண்டில் எந்த வட்டம், எந்த மாவட்டம் என்று முதியோரைக் கேட்டு எழுதுங்கள். மலைமேல் ஏறி ஒவ்வொரு நாட்டின் எல்லைக்கல்லையும் வழக்காற்றையும் பதியுங்கள். சித்தூரில் கோடு விழுந்தபோது தமிழர் கையில் ஊர்வாரியான கணக்கு அணியமாய் இருந்திருந்தால், பேச்சு மாவட்டக் கணக்கில் முடிந்திருக்காது. தன் எல்லையை அறியாத இனம், பிறர் கிழித்த எல்லைக்குள் வாழ நேரும்.

1909இல் பிறந்த அம்முதியவரைக் கேளாமல் ஐந்து முறை பெயரும் கோடும் மாறின. இன்று இவ்வூரில் பிறக்கும் குழந்தையைக் கேளாமல் ஆறாம் முறை மாறக்கூடாது. எழுதுகோல் அதன் கைக்கு வரவேண்டும். அதற்கு உழைப்பதே தமிழ்த்தொண்டு.

வெல்க தமிழ்! ஓங்குக தமிழர் உரிமை!